மறுமொழி: ஸ்கூபா கையேடு – ‘நியூட்ரல் பாயன்சி’க்குச் சொல் வேண்டும்

வணக்கம். ஸ்கூபா பழகுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நீரடிப் படமெடுப்பு அத்தியாயம் நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. மேலே எழும்பாமல், கீழே அமிழாமல் நீரின் நடுவே நிற்கும் நிலைக்கு ‘நடுநிலை மிதப்பு’ என்று எழுதினேன். “மிதப்பது தண்ணீருக்கு மேலேதானே?” என்று கேட்டார் ஒரு மாணவர். படமெடுப்பவருக்கு இதுதான் அடிப்படை. நிலை தவறிக் காலால் உதைத்தால் அடிமண் கிளம்பும். பிளாஷ் வெளிச்சம் அந்தத் துகள்களில் பட்டுப் படமெல்லாம் வெண்புள்ளியாகும். பவளத்தில் இடித்தால் அதுவும் உடையும். யோசனை சொல்லுங்கள்.

* * *

அம்மா, மாணவர் கேட்டது நியாயம். இதற்கென்றே நம்மிடம் ஒரு வினை உண்டு: தூங்குதல். உறக்கம் பிற்காலப் பொருள்; தொங்குவதும் அசைவதும்தான் பழையவை. சோழ அரசன் செம்பியன் அழித்ததாகச் சொல்லும் தூங்கெயில் வானத்தில் தொங்கிய கோட்டை. தூக்கணாங்குருவியின் கூடு தொங்குகிறது. அசைந்து நிற்பதால் யானைக்கும் தூங்கல் என்று பெயர். வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. ‘தூங்குநிலை’ என்றே எழுதுங்கள்.

* * *

ஐயா, நான் முக்குளிப்புக் கற்றுத்தருபவன். ‘10 மீட்டர் ஆழத்தில் தூங்குநிலையில் இருங்கள்’ என்று மாணவருக்கு எப்படிச் சொல்வேன்? பாதுகாப்புக் கையேட்டில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக் கூடாது. அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. மிதக்க உதவும் காற்றடைப்புச் சட்டையில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும், ஆள் அமிழ்வார். மேலே வரும்போது அதே காற்று விரிந்து இன்னும் வேகமாகத் தூக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காற்றைச் சேர்க்கவும் விடவும் வேண்டும். நுணுக்கமான சரிக்கட்டல் மூச்சில் இருக்கிறது. இழுத்தால் சற்றுக் கழித்து உடல் உயரும், விட்டால் தாழும். படம் ஆடாமலிருக்க மூச்சை அடக்குகிறார்கள் சிலர். அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியக்கூடும். வழக்கில் உள்ள ‘அந்தரத்தில் நிற்பது’ போதாதா? ‘அந்தரநிலை’ எல்லாருக்கும் புரியும்.

* * *

ஈழத்தில் ‘அந்தரம்’ என்றால் பதற்றம், அவசரம். ‘அந்தரப்படாதேங்கோ’ என்றுதான் ஆறுதல் சொல்வோம். நீருக்கடியில் அமைதியாக இருக்க வேண்டியவருக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டாம். நியூட்ரலுக்கு நாங்கள் படித்தது ‘நொதுமல்’. பகை, நொதுமல், நண்பு என்று திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரை சொல்லும்போது பரிமேலழகரே ஆண்ட சொல். நொதுமல் மிதப்பு!

* * *

அந்த உரையில் நொதுமல் என்பது பகையும் நட்பும் இல்லாத அயலார். நமக்கு வேண்டியது விலகி நிற்பதில்லை, எடையும் மேலுதைப்பும் (நீர் மேலே தள்ளும் விசை) ஈடாக நிற்பது. அதே அதிகாரத்தில் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ இருக்கிறதே. ‘சமமிதப்பு’ போதும். மேலே எழுவது மிகைமிதப்பு, அமிழ்வது குறைமிதப்பு. மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும். மாணவரின் ஐயத்துக்கு விடை: மேகமும் மிதக்கிறது என்கிறோம், அது எதன் மேற்பரப்பிலும் இல்லை.

* * *

சமம் வடசொல். ‘ஈடு’ என்ற சொல் கையிலிருக்க ஏன் கடன்?

* * *

வள்ளுவர் எடுத்த சொல்லை நாம் தள்ள வேண்டுமா? ‘ஈட்டுமிதப்பு’ என்றால் அடகு வைத்தது போல் ஒலிக்கிறது.

* * *

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் ‘சமமிதப்பு’ போடுகிறேன். முதலில் வருமிடத்தில் ‘எழும்பாமலும் அமிழாமலும் நீருக்குள் நிற்பது’ என்ற விளக்கமும் சேரும். அசையாமல் ஓரிடத்தில் நிற்கும் பயிற்சிக்குத் தனிச்சொல் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு ‘நிலைத்து நிற்றல்’.

* * *

போடுங்கள் அம்மா, அச்சு காத்திருக்காது. ஆனால் அந்தத் தனிச்சொல்தான் ‘தூங்கல்’. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன். மேகம் மிதக்கிறது என்பது ஒரு பேச்சு வழக்கு, மிதத்தலுக்கு இலக்கணம் ஆகாது.