9 எம்எம் கேஸ்ட் புல்லட்: பிரைமர் தட்டையாகிறது, கேஸ் தூரமாகப் பறக்கிறது. ஏன்?

கேள்வி:

டெக்சாஸில் இருக்கிறேன். 9 எம்எம் ரீலோடிங், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் (கேஸ்) பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், புல்லட் மூன்றையும் புதிதாகப் போட்டுத் தோட்டா செய்வது, எனக்குப் புதிதல்ல, ஆனால் இதுவரை செம்பு ஜாக்கெட் போட்ட 124 கிரெய்ன் (புல்லட் எடையின் அலகு) புல்லட்தான். இப்போது அதே எடையில், முனை தட்டையான கேஸ்ட் புல்லட், அதாவது ஜாக்கெட் இல்லாமல் ஈயத்தை அச்சில் வார்த்தது. வழக்கமான 1.150 அங்குல நீளத்தில் வைத்தால் பேரலுக்குள் முழுசாக இறங்கவில்லை, ரைஃப்ளிங்கில் (பேரலின் உட்புறச் சுருள் வரிகள்) முட்டுகிறது. அதனால் 1.060 வரை அழுத்தினேன், 'டொக்' என்று இறங்கியது. பவுடரை மாற்றவில்லை. சுட்டால் பிரைமர் ஓரம்வரை தட்டையாகிறது, கேஸ் அடுத்த லேனில் போய் விழுகிறது. ஒரு கேஸின் அடிப்பக்கம் லேசாகப் புடைத்தும் இருக்கிறது. ஈயம் மென்மையானதுதானே, அழுத்தம் குறையத்தானே வேண்டும்?

பதில் 1:

தம்பி, முதலில் அந்தப் புடைத்த கேஸைக் குப்பையில் போடுங்கள். மிச்சமிருக்கும் தோட்டாக்களைச் சுட வேண்டாம், புல்லட்டைக் கழற்றிவிடுங்கள்.

மொத்த நீளத்தைப் பார்க்காதீர்கள். புல்லட்டின் அடிப்பாகம் கேஸுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். புல்லட் நீளத்தையும் கேஸ் நீளத்தையும் கூட்டி, மொத்த நீளத்தைக் கழியுங்கள். காலிப்பர் இருந்தால் ஒரு நிமிட வேலை. பழைய ஜாக்கெட் புல்லட்டுக்கும் இதே கணக்கைப் போட்டு ஒப்பிடுங்கள். 9 எம்எம் கேஸில் இடமே கொஞ்சம்தான். தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச அழுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இன்னும் ஆழமாக அழுத்திவிட்டு அதே பவுடரைப் போட்டால் அந்த வரம்பைத் தாண்ட ரொம்ப நேரம் ஆகாது. ஈயம் மென்மையாக இருப்பது இதைச் சரிக்கட்டாது.

பதில் 2:

அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பிஸ்டலில் பிரைமரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சில பிரைமர்களின் உலோகம் மென்மையானது, சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். சில பிஸ்டல்களில் பேரல் கீழே சாயும்போது ஊசி இழுத்த கோடும் விழும். அது அதிக அழுத்தத்தின் அடையாளமே இல்லை. உங்களுக்கோ கேஸ் புடைத்திருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) இருந்தால் புல்லட்டின் வேகத்தைப் பாருங்கள். பவுடர் கம்பெனி அட்டவணையின் உச்ச வேகத்தை மிஞ்சினால், அழுத்தமும் மிஞ்சியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பவுடர் நிறுக்கும் தராசு. செக் வெயிட் (எடை துல்லியமாகத் தெரிந்த படிக்கல்) வைத்துச் சரிபார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்:

தராசு சரியாக இருக்கிறது. கணக்குப் போட்டேன்: ஜாக்கெட் புல்லட் 0.190 அங்குலம் உள்ளே, கேஸ்ட் புல்லட் 0.250. பவுடரை எவ்வளவு குறைப்பது?

பதில் 1:

பழைய அளவிலிருந்து குறைத்துக்கொண்டு வராதீர்கள். இதே எடை, இதே முனை வடிவ கேஸ்ட் புல்லட்டுக்கென்று பவுடர் கம்பெனி தரும் அட்டவணையில் உள்ள ஆரம்ப அளவிலிருந்து ஏறுங்கள். அங்கே போட்டிருக்கும் நீளம் உங்கள் 1.060-ஐ விட அதிகமாக இருந்தால் அந்த அளவும் உங்களுக்குப் பொருந்தாது. முனை குறுகலான வேறு அச்சு வாங்குவதே நல்லது. சுட்ட பிறகு பேரலைக் கழற்றி ஈயம் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பிஸ்டல் கிளாக் என்றால் இன்னும் கவனம். அந்தக் கம்பெனியே ஈயப் புல்லட் வேண்டாம் என்கிறது.