இரண்டே சண்டையில் மூன்றாம் லெவல்: எக்ஸ்பி கணக்கில் எங்கே பிசகு?

நிலவறைவாசி:
மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம், ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். நான் டிஎம் (கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்), ஆட்டக்காரர்கள் நான்கு பேர். முதல் சண்டையில் காப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் நால்வர், அடுத்ததில் அவற்றைவிடப் பலமான பக்பேர்கள் இரண்டு. அதற்குள் நால்வரும் மூன்றாம் லெவலுக்கு வந்துவிட்டார்கள். கதைக்காக நான் எழுதி வைத்திருக்கும் எதிரிகளை இனி ஊதித் தள்ளிவிடுவார்கள். இரண்டாம் லெவலுக்கு 300 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மூன்றாவதற்கு 900 என்றுதான் அட்டவணையிலும் இருக்கிறது. இன்னொரு தொல்லை: ஆயுதத்தைக் கீழே போட்டு மண்டியிட்ட காப்ளினைக்கூட, “ஐம்பது எக்ஸ்பியை விடுவதா?” என்று வெட்டிவிட்டார்கள்.

பகடைக்காரன்:
ஆளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

நிலவறைவாசி:
முதல் சண்டைக்கு 400, இரண்டாவதற்கு 600. எதிரிகள் கூட்டமாக வந்தால் பெருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதே?

பகடைக்காரன்:
பிடிபட்டது. அந்தப் பெருக்கல், சண்டை எவ்வளவு கடினமாக இருக்கும் என்று டிஎம் முன்கூட்டியே எடைபோடுவதற்கு மட்டும்தான். காப்ளினுக்கு 50, நான்குக்கு 200. மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் இரண்டால் பெருக்கி 400. முதல் லெவல் ஆட்கள் நால்வருக்கு அது உயிருக்கே ஆபத்தான சண்டை என்று தெரிந்துகொண்டு, அந்த 400ஐ அங்கேயே மறந்துவிட வேண்டும்.

கொடுக்க வேண்டியது 200தான். அதையும் நான்காகப் பங்கிட வேண்டும், ஆளுக்கு 50. பக்பேர் ஒன்றுக்கு 200, இரண்டுக்கு 400, ஆளுக்கு 100. ஆக மொத்தம் 150. அவர்கள் இரண்டாம் லெவலுக்கே பாதி வழியில்தான் நிற்க வேண்டும்!

கொடுத்த லெவலைப் பிடுங்காதீர்கள், மனக்கசப்புதான் மிஞ்சும். எல்லோருக்கும் 900 என்று குறித்துவிட்டு, இனி சரியாகக் கணக்கிடுங்கள். நான்காம் லெவலுக்கு 2,700 வேண்டும் என்பதால் வேகம் தானாகவே குறையும். முதல் இரண்டு லெவல்களைச் சீக்கிரம் கடக்கும்படிதான் அட்டவணையே அமைந்திருக்கிறது, எனவே பெரிய நட்டமில்லை. எதிரிகளை மட்டும் கொஞ்சம் பலப்படுத்துங்கள்.

பழையசுவடி:
மண்டியிட்ட காப்ளினைப் பற்றி யாரும் பேசவில்லையே? எக்ஸ்பி தோற்கடித்ததற்குத்தான். விரட்டினாலும் சிறைபிடித்தாலும் அதே 50 என்று ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், வெட்டுக்குத்து பாதியாகக் குறையும். இதே ஆட்டத்தின் 1981இல் வந்த பேசிக் பதிப்பில் காப்ளினைக் கொன்றால் வெறும் 5 புள்ளி. மீட்டு வந்த பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அரக்கன் தூங்கும்போது மூட்டையோடு நழுவியவனே கெட்டிக்காரன். எனக்கு இன்றும் அந்த முறைதான் பிடிக்கும்.

கால் ஆஃப் துலு என்ற திகில் பாத்திர ஆட்டத்தில் இந்தத் தலைவலியே இல்லை. லெவல் கிடையாது. பயன்படுத்தி வென்ற திறமைக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கொள்வார்கள். பிறகு நூறு வரை எண் விழும் சதவீதப் பகடையில் அந்தத் திறமையின் எண்ணைவிட அதிகமாக விழுந்தால் திறமை உயரும். ஏற்கெனவே தேர்ந்தவனுக்கு மேலே ஏறுவது கடினம்.

தென்றல்88:
இவ்வளவு கூட்டல் வகுத்தல் எதற்கு? கதையில் ஒரு முக்கியக் கட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு லெவல் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோம்.

பகடைக்காரன்:
கதை ஒரே கோட்டில் போனால் அது சரி. ஆட்டக்காரர்கள் விரும்பிய திசையில் சுற்றுகிற ஆட்டத்தில், அடுத்த லெவல் எப்போது என்று டிஎம்மின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிலவறைவாசியின் ஆட்களுக்குப் புள்ளி மேல் இவ்வளவு ஆசை இருக்கும்போது, அதை எதற்குக் கொடுப்பது என்பதை மாற்றினாலே போதும். ஒற்றனைப் பேசி மடக்கினால் இத்தனை, பாலத்தைக் காப்பாற்றினால் இத்தனை என்று முன்பே அறிவித்துப் பாருங்கள்.

நிலவறைவாசி:
900இல் நிறுத்திவிடுகிறேன். பேச்சுவார்த்தைக்கும் புள்ளி என்று இன்றே குழுவுக்குச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: ஆட்டத்துக்கு வராதவருக்குப் பங்கு உண்டா?

பகடைக்காரன்:
பொதுவாகக் கிடையாது, ஆனால் முடிவு டிஎம்முடையது. நான் கொடுத்துவிடுவேன். வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதே தொகையை வராதவருக்கும் எழுதுங்கள். அவரையும் சேர்த்து வகுத்தால், அவருடைய விடுப்புக்கு மற்றவர்கள் கப்பம் கட்டுவார்கள்.