மாடித்தோட்ட இணையதளத்துக்கு வருமான வழி: அனுபவசாலிகள் உதவ வேண்டும்

நண்பர்களே, வணக்கம். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் நடத்துகிறேன். சர்வர் செலவையாவது அது தானே ஈட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

இணையதளங்களில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை 2018 பிப்ரவரியிலேயே தமிழை ஏற்றுக்கொண்டது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும் என்பது தெரியும், அதற்குக் காத்திருக்கலாம். என் கவலை வேறு. வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் படிக்கும் வயதானவர்கள். பூச்சிவிரட்டிக் கரைசலின் அளவைப் படிக்கும்போது நடுவில் விளம்பரம் குதித்தால் அவர்கள் தடுமாறிப்போவார்கள். கூகுள் தானே இடம் பார்த்து வைக்கும் ஆட்டோ விளம்பரங்களை நிறுத்திவிட்டு, கட்டுரையின் முடிவில் மட்டும் விளம்பரம் வைத்தவர்கள் இருக்கிறீர்களா? வருமானம் எவ்வளவு குறைந்தது?

நாம் தரும் இணைப்பு வழியாகப் பொருள் விற்றால் கமிஷன் தரும் அமேசான் அஃபிலியேட் திட்டத்தில் 180 நாள்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும். விதை, மண்வெட்டி, தென்னைநார்க் கழிவு போன்றவற்றுக்கு அது சரிவருமா?

என் மனம் வாசகர் சந்தாவையே நாடுகிறது. வாசகரின் ஒப்புதலோடு மாதாமாதம் தானாகப் பணம் வரும் யூபிஐ ஆட்டோபே மூலம் மாதம் ஒரு சிறு தொகை பெறலாம். நிறுவனப் பதிவு இல்லாத தனிநபருக்கு இந்த வசதி தரும் கட்டணச் சேவை எது? என்னென்ன ஆவணங்கள் கேட்கிறார்கள்? பயன்படுத்தியவர்கள் விவரமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.