1954–56 செங்கோட்டையில் நடக்கும் பி.எல். தொடர்: காலப்பிழை எங்கே?

சாரல்:
எட்டுப் பாகத் தொடர், இரண்டு ஆண்களின் காதல் கதை (பி.எல்., அதாவது பாய்ஸ் லவ்). செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில். ஒருவன் செங்கோட்டை தாலுகா கச்சேரியில் குமாஸ்தா, மற்றவன் ஆரியங்காவு ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். 1954 ஆடியில் தொடக்கம். அஞ்சலோட்டக்காரன் கொண்டுவரும் காதல் கடிதம் சிக்கி இருவரும் கைது. 1956 நவம்பர் 1இல் எல்லையை அடைத்ததும் பிரிவு. எங்கே இடிக்குது அண்ணாச்சிமாரே?

மீட்டர்கேஜ்:
கடிதத்திலேயே இடிக்குது. திருவிதாங்கூர் சமஸ்தானம் தனியாக நடத்திய அஞ்சல் 1951இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தாச்சு. மணி கட்டிய கோலோடு ஓடுகிறவர் அழகாத்தான் இருப்பார், ஆனால் 1954க்கு ஆகாது. சாதாரணத் தபால்காரர் போதும். இன்லேண்ட் லெட்டர் சரி. முகவரியில் பின்கோடு கூடாது, அது 1972. நயா பைசா வந்ததும் 1957 ஏப்ரலில்தான். அதுவரை டீக்கடையில் அணா, காலணா. பழைய ஆள் யாராவது திருவிதாங்கூர்க் காசை நினைத்து "28 சக்கரம் ஒரு ரூவா" என்று பேசலாம். கல்லாவில் சக்கரம் விழக்கூடாது.

1951 ஏப்ரலிலேயே சதர்ன் ரயில்வே ஆகிவிட்டதால், ஸ்டேஷனில் புதுசாக எழுதின போர்டு எதிலும் எஸ்.ஐ.ஆர். (பழைய சவுத் இந்தியன் ரயில்வே) வேண்டாம். பெரிய தலைவலி தண்டவாளம். அன்றைக்கு 1000 மி.மீ., இன்றைக்கு அந்த மலைப்பாதை 1676. அகலம் ஒரு ஷாட்டிலேயே காட்டிக்கொடுக்கும். கிட்டக் காட்சிகளைக் குன்னூர்–ஊட்டிக்கு இடையே எடுங்கள். அதுவும் 1000தான், நீராவி எஞ்சினும் கிடைக்கும். குன்னூருக்குக் கீழே மேட்டுப்பாளையம் பக்கம் போகாதீர்கள், நடுவில் பல் தண்டவாளம் தெரியும். கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தை மட்டும் கீழே ரோட்டிலிருந்து எடுக்கலாம், கேஜ் தெரியாது. மேலே நிற்கும் மின்கம்பங்களை அழிக்க கிராபிக்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

வாய்தா:
கைதுதான் பெரிய ஓட்டை. இந்தியத் தண்டனைச் சட்டம் 1951 ஏப்ரலிலிருந்து திருவிதாங்கூர்-கொச்சியிலும் நடப்பில் இருந்தது, ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு உட்பட. ஆனால் அந்தப் பிரிவு தண்டித்தது உடற்செயலை. காதல் கடிதம் எழுதுவது அதில் வராது. அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. கடிதம் வேறொருவன் கையில் சிக்கி, "வீட்டுல காட்டட்டுமா?" என்று அவன் மாதாமாதம் பணம் கறப்பதாக எழுதுங்கள். புகார் கொடுக்கப் போனால் கடிதத்தைக் காட்ட வேண்டிவரும், அதனாலேயே போக மாட்டார்கள். லாக்கப் காட்சியைவிட இதில் பயம் அதிகம்.

உங்கள் வக்கீல் 1954இல் "ஆயுள் தண்டனை" என்றால் தப்பு. அப்போதைய வாசகம் ஆயுளுக்கும் நாடுகடத்தல், அல்லது 10 வருஷம் வரை சிறை. 1955 திருத்தம் 1956இல் நடப்புக்கு வந்த பிறகே ஆயுள் சிறை.

நாஞ்சில்காரி:
எல்லையை யாரும் அடைக்கவில்லை. செங்கோட்டை மதராஸ் ராஜ்யத்துக்கு வந்தது, ஆரியங்காவு கேரளத்தில் நின்றது, ரயில் பாட்டுக்கு ஓடியது. பிரிவு வேண்டுமானால் குமாஸ்தாவின் வேலையிலேயே இருக்கிறது. மாநிலச் சீரமைப்புச் சட்டம் 115ஆம் பிரிவுப்படி, அரசு ஊழியர் எந்த மாநிலத்துக்கு என்று முடிவாகச் சொல்ல வேண்டியது மத்திய அரசு. அதுவரை தற்காலிகம்தான். மெட்ராஸா, திருவனந்தபுரமா என்று அவன் காத்துக் கிடக்கணும். பார்சல்காரனுக்கு அந்தக் கவலையே கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே ரயில்வே. ஒருத்தன் நிற்க, ஒருத்தன் தள்ளப்பட, இதைவிட என்ன வேணும்?

சீலில் "தமிழ்நாடு" கூடாது, அது 1969. 1956 மார்ச்சிலிருந்து திரு-கொச்சியில் ஜனாதிபதி ஆட்சி, ஆகவே முதலமைச்சர் கையெழுத்தும் கூடாது. ஆடியில் தொடங்குவதால் தமிழ்ப் பகுதிகளை மதராஸோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள்மேல் 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டைக் கச்சேரியில் யாரும் பேசாமல் இருந்தால் நம்ப முடியாது. அந்த ஆடி முடியும்வரை சுவர்க் காலண்டரில் கொல்லம் ஆண்டு (மலையாள வருஷம்) 1129. "தன்பாலீர்ப்பு" அன்றைக்கு எவன் வாயிலும் வராது. "என் சேக்காளி" போதும், மிச்சத்தை நடிகர் பார்த்துக்கொள்வார்.

சாரல்:
கைதைத் தூக்கியாச்சு, ஏழாம் பாகத்தில் குமாஸ்தா எந்த மாநிலத்துக்கு என்ற ஆர்டர் வருது. ரேடியோவில் படப்பாட்டு வைக்கலாமா?

மீட்டர்கேஜ்:
வைக்கலாம், இலங்கை வானொலியாக. விவித் பாரதி 1957 அக்டோபரில்தான். வால்வு செட் என்பதால் திருகினதும் பாடாது. சூடேற அரை நிமிஷம் விடுங்கள். கையில் தூக்கும் டிரான்சிஸ்டர் வேண்டவே வேண்டாம்.