மறு: பாட்டையா கேசட் – வெட்டின இடங்கள் எனக்கு வேண்டும்

அண்ணாச்சிமார், மதினிமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

பெங்களூர்த் தம்பி, பாட்டையா கதை பேசின கேசட்டை எம்பி3 ஆக்கி நீ அனுப்பியிருந்தது வந்து சேர்ந்தது. முதலில் அதற்கு நன்றி. இத்தனை வருடம் பரணில் கிடந்த நாடா பூஞ்சை பிடிக்காமல் ஓடியதே பெரிய விஷயம். ஆனால் கூடவே ஒரு வரி எழுதியிருந்தாய்: "நடுநடுவே பேச்சில்லாமல் வெறுமனே ஓடுகிற இடங்களை எல்லாம் வெட்டிவிட்டேன், 52 நிமிடம் 41 ஆகிவிட்டது, கேட்க வசதி." தம்பி, கோபித்துக்கொள்ளாதே, அந்தப் பதினொரு நிமிடத்தை எனக்கு அனுப்ப முடியுமா?

இதை நான் கேட்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். கோயில் கொடைத் திருவிழா வரிக்குக் கணக்குக் கேட்டு இதே குழுவில் மூன்று மடல் போட்டவன் நான். சங்க மலரில் சாமியாட்டக் கட்டுரை எதற்கு என்று சண்டை போட்டவனும் நான்தான். இன்றைக்கும் என் கட்சி மாறவில்லை. பேய், சாபம், மண்மாரி எதையும் நம்புகிறவன் இல்லை. அப்படிப்பட்டவனைப் பாட்டையா என்ன செய்தார் என்பதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு, 1986. தேரிச் செம்மணல் காட்டில் எங்கள் மாமாவின் விடிலி (கருப்பட்டி காய்ச்சுகிற ஓலைக் குடிசை) இருந்தது. காலையில் பதநீர் இறக்கி, அடுப்பேற்றி, கருப்பட்டி ஊற்றி முடிக்க மத்தியானம் தாண்டிவிடும். ராத்திரிதான் ஓய்வு. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் விடிலிக்கு வெளியே மணலில் உட்காருவார்கள். பகல் முழுக்கக் காய்ந்த மணல், மேலே கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், நாலு விரற்கடை தோண்டினால் இன்னும் சூடு இருக்கும். பாட்டையா பனையில் சாய்ந்துகொண்டு வெற்றிலை இடிப்பார். அவருக்குப் பல் இல்லை. உரலில் டொக் டொக் என்று இடிக்கிற சத்தம் நின்றால் கதை தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

அவர் கதைக்கு ஒரே நிபந்தனை, ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார். "தூங்கிட்டியளா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உரலை எடுத்துவிடுவார். அதனால் சின்னப் பிள்ளைகள் கூட அரைத் தூக்கத்தில் ம், ம் என்று கொட்டிக்கொண்டே இருக்கும். நான் மட்டும் கொட்ட மாட்டேன். படித்த பையன் என்ற திமிர். நம்பாத கதைக்கு எதற்கு ம் போட வேண்டும்?

அன்றைக்கு அவர் எடுத்தது தேரி சிவந்த கதை. நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், கற்குவேல் அய்யனார் கோயிலில் சொல்கிற அதே கதை: ராஜா வீட்டு மாமரத்துப் பழம் ஒன்று ஒரு பெண்ணின் தண்ணீர்க் குடத்தில் விழுந்துவிடுகிறது, திருடி என்று அவளைக் கொல்கிறார்கள், அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து நாடே செம்மணலாகிறது. கோயிலில் சொல்லும்போது அவள் பாவம், ஒன்றும் அறியாதவள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பாட்டையா அதைச் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளை பசியில் கிடந்தது என்றார். குடத்தை இறக்கி வைத்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள் என்றார். பழத்தைப் பார்த்தாளா இல்லையா என்று சொல்லாமலே நகர்ந்துவிட்டார். காவல்காரன் வந்தான், ம். குடத்தைக் கவிழ்த்தான், ம். பழம் உருண்டது, ம். அவளை ராஜா முன்னால் நிறுத்தினார்கள், ம். ராஜா ஊர்ச்சனத்தைப் பார்த்துக் கேட்டார், "இவ திருடிதானே?"

ம்.

பதினைந்து பேர் ஒரே குரலில் கொட்டினார்கள், பழக்க தோஷம். பாட்டையா அதற்கு மேல் பேசவில்லை. நல்ல மேல்காற்று, தலைக்கு மேலே பனையில் காய்ந்த காவோலை ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டே இருந்தது. வெற்றிலையை எடுக்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு நிமிடம் இருந்திருக்கலாம், இருட்டில் அது ரொம்ப நீளம். முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் எங்கள் அத்தைதான், "அய்யய்யோ, நாம்லா சொல்லிட்டோம்" என்றாள். பாட்டையா மெதுவாக, "ஆமா, ஊரு ம்முன்னு சொல்லிச்சு, ராசா வெட்டச் சொல்லிட்டாரு" என்று கதையை விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மாட்டாமல் தப்பித்தவன் நான் ஒருவன்தானே. கதை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு அவரிடமே போய்ச் சொன்னேன், "பாட்டையா, நான் ம் கொட்டல, பாத்தியளா?"

"பாத்தேம்லே. இல்லன்னும் சொல்லலயே நீ."

அவ்வளவுதான் சொன்னார். உரலைத் துடைத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி மணலில் படுக்கப் பிடிக்காமல் விடிலிக்குள்ளே, அடுப்புப் புகை நாற்றத்தில் போய்ப் படுத்தேன்.

வேலைக்கு வந்த பிறகு இதற்குப் பழிவாங்கப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது மண் பரிசோதனைக் கூடத்தில், நாள் முழுக்க மணல் சலிப்பதுதான் பிழைப்பு. ஒரு லீவில் தேரி மணலை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளி வந்தேன். இந்தச் சிவப்பு அவ ரத்தம், கழுவினால் போகாது என்பார் பாட்டையா. தண்ணீரில் கழுவினால் போகாது, உண்மைதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடு பண்ணினேன். மணலின் மேல் பூச்சாக ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடு கரைந்து அமிலம் மஞ்சளாகிவிட்டது, அடியில் வெளுத்த குவார்ட்ஸ் மணல். கூடவே கறுப்பாகக் கொஞ்சம் இல்மனைட். அவ்வளவுதான் தேரி. பாட்டையாவிடம் காட்ட ஆசை, அவர் அதற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்திருந்தார். பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, நான் நிரூபித்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அவர் என்னிடம் கேட்டது மணலைப் பற்றி இல்லையே.

கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். கார்த்திகைக் கடைசியில் அத்தனை கூட்டம், கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வைத்து வெட்டுகிறார்கள், வெட்டின உடனே ஈர மண்ணை அள்ள அடிதடி. நானும் சின்ன வயதில் அள்ளியிருக்கிறேன், பெட்டியில் போட்டு வைத்தால் நல்லது என்று. அந்தக் கதைக்குப் பிறகு ஒரே ஒரு தடவை போனேன். அரிவாள் ஓங்கினபோது கூட்டம் போட்ட சத்தம் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. அதோடு விட்டுவிட்டேன். நம்பிக்கை இல்லை, அதனால் போவதில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன். வெட்டின பதிப்பில் கதை செய்தி வாசிப்பது போல ஓடுகிறது. காவல்காரன் வந்தான் குடத்தைக் கவிழ்த்தான் பழம் உருண்டது என்று மூச்சு விடாமல் சொல்கிறார், பாட்டையா ஜென்மத்தில் அப்படிப் பேசினதில்லை. ம் கொட்ட இடமே இல்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திவைத்துப் பதிந்திருக்கிறார்கள் போல, காற்றுச் சத்தம் இல்லை, கொட்டுகிற ஆட்களும் இல்லை. ஆளில்லாவிட்டாலும் அவர் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லியிருப்பார், அதைத்தான் நீ வெட்டியிருக்கிறாய்.

ஒன்றே ஒன்று உன் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. 23ஆவது நிமிடம். நாலைந்து வினாடி இருக்கும், நாடா ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்கிறது. வியாழக்கிழமை வேலை முடிந்து சார்ஜா போகிற ரோட்டில், எப்போதும்போல நகராத டிராஃபிக்கில், ஏசியைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இவ திருடிதானே?" என்றார். முன்னால் இருந்த லாரியின் பிரேக் விளக்கைப் பார்த்தபடியே நான் ம் என்றேன்.

பக்கத்து சீட்டில் என் மகள், ஹெட்போனைக் கழற்றி, "என்னப்பா?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அதனால் தம்பி, வெட்டாத கோப்பை அப்படியே ஏற்றிவிடு, பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரித்து அனுப்பு. இருமலை வேண்டுமானால் எடுத்துக்கொள். தாராவி அண்ணாச்சி, பாட்டையா பேசின இன்னொரு கேசட்டை உங்கள் வீட்டில் போட்டுக் கேட்ட ஞாபகம் என்று மதினி சொன்னார்கள், அது இதில் வரவில்லை, அந்த நாடா இன்னும் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள். கொடை வரி இந்த வருடம் அனுப்பிவிட்டேன், கணக்கு மட்டும் ஆடிக்குள் வரட்டும்.