நானுஓயா குளிரில் சீமெந்து மீன் குளம்

கேள்வி (நானுஓயா): முற்றத்தில் சீமெந்துக் குளம் கட்டப் போகிறேன். வீட்டுக்கு மேலே தேயிலை மலை. எவ்வளவு ஆழம் வேண்டும்? கப்பி மீன் விடலாமா?

பதில் (ஹட்டன்): தம்பி, 3 அடிக்குக் குறைக்காதீர்கள்; குளிர் கூடினால் மீன் அடியில் போய்க் கிடக்கும். முதலில் மேல்பக்கம் கான் (வடிகால்) வெட்டுங்கள். மலைக்குப் போடும் உரமும் மருந்தும் மழையோடு இறங்கினால் மீன் தாங்காது. விளிம்பையும் தரையைவிட அரையடி உயர்த்துங்கள். அடியில் கம்பி வலை போட்டு 4 அங்குலக் கொங்கிரீட். அப்புறம் ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடுங்கள்.

பதில் (பண்டாரவளை): புதுச் சீமெந்தில் சுண்ணாம்பு ஊறும். நிரப்பி, சில நாள் விட்டு இறைத்து, தேய்த்துக் கழுவுங்கள். பிஎச் (தண்ணீரின் காரத்தைக் காட்டும் அளவு) 8 அளவுக்கு இறங்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அவசரப்பட்டு மீன் விட்டால் செவுள் வெந்துவிடும்.

கேள்வி (நானுஓயா): சரி அண்ணா. கப்பி?

பதில் (ஹட்டன்): அதற்கு அந்தக் குளிர் ஆகாது. தங்கமீன் விடுங்கள்.