சிறையில் இருப்பவர்களுக்காக டிரஸ்ட் ஆரம்பிக்க ஆசை, அனுபவம்தான் இல்லை

பாளையங்கோட்டைக்காரன்:
வணக்கம். நாங்கள் ஒரே சபையைச் சேர்ந்த ஐந்தாறு பேர். வேதபாடத்தில் மத்தேயு 25 படித்தோம், 'காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்' என்று வருமே அந்த இடம், அதிலிருந்து இந்த நினைப்பு விடவில்லை. மத்திய சிறை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு டிரஸ்ட் பதிவு செய்து கைதிகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நான் மளிகைக்கடையில் கணக்கு எழுதுகிறவன், இன்னொருவர் டீச்சர், ஒருவர் எல்ஐசி ஏஜென்ட். சட்டமும் தெரியாது, சிறையும் தெரியாது. 'உனக்கு எதுக்கு வேண்டாத வேலை' என்கிறார்கள் வீட்டில். எங்கிருந்து ஆரம்பிப்பது?

காக்கி_ஓய்வு:
சிறைத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் நேராகச் சொல்கிறேன். டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்வது பெரிய விஷயமில்லை, ஆனால் அதைக் காட்டினால் கேட் திறக்காது. சிறை நிர்வாகத்தின் அனுமதி தனி. ஏற்கெனவே போய்வருகிற ஒரு குழுவோடு கொஞ்ச காலம் சேர்ந்து போங்கள், பத்திரம் அப்புறம் பார்க்கலாம். கத்தோலிக்கர்களின் 'பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா' கேள்விப்பட்டிருப்பீர்கள், அதையே கேரளாவில் குருமட மாணவர்கள்தான் தொடங்கினார்கள், அவர்களுக்கு மட்டும் என்ன அனுபவம்?

ஒன்று மட்டும் கவனம். உள்ளே ஒருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு 'அண்ணே, இந்த நம்பருக்கு ஒரு போன் மட்டும் போட்டுச் சொல்லிடுங்க' என்பான். பார்த்தால் பாவமாக இருக்கும். அது அவன் அம்மா நம்பராகவும் இருக்கலாம், வழக்கில் சாட்சி சொல்லப்போகிறவர் நம்பராகவும் இருக்கலாம். நம்பர், சீட்டு, பணம் எதையும் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். குடும்பத்துக்குச் சொல்லவேண்டியது இருந்தால் நலஅலுவலரிடம் சொல்லுங்கள். கேக், போட்டோகிராபர் சகிதம் கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டு அடுத்த கிறிஸ்துமஸ் வரை தலைகாட்டாதவர்களை நிறையப் பார்த்தாயிற்று, அந்த வரிசையில் நீங்களும் சேராதீர்கள்.

கருப்புக்கோட்டு:
இலவச சட்ட உதவி வழக்குகள் பார்க்கிறேன். நாட்டில் சிறையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள், தண்டனை பெற்றவர்கள் இல்லை. அதில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் பொறுப்பேற்று ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கோர்ட் சொல்லும், ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு அப்படி வர ஊரில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். 1978-லேயே மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது, நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

உங்களுக்குச் சட்டம் தெரிய வேண்டாம், ஆளைச் சரியான இடத்தோடு சேர்த்துவிட்டால் போதும். அந்த இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, இலவச சட்ட உதவி தருகிற அமைப்பு. ஜாமீன் கிடைத்து 7 நாளில் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அந்த ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் ஜாமீன் தொகைக்கும் அபராதம் கட்டவும் பண உதவி கிடைக்கும் (கஞ்சா வழக்குக்குக் கிடையாது). பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட மட்டும் அவசரப்பட வேண்டாம், ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் பணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

சும்மா_ஒருவன்:
எல்லாம் சரி, அடிபட்டவன் வீட்டுக்கு எந்த டிரஸ்ட் போகிறது?

கருப்புக்கோட்டு:
நியாயமான கேள்விதான். பாதிக்கப்பட்டவருக்கும் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அதுவும் அதே ஆணைக்குழு வழியாகத்தான் வருகிறது. அந்த வீட்டுக்கும் போகட்டும், யார் வேண்டாம் என்றது?

மல்லி:
என் வீட்டுக்காரர் ரிமாண்டில் இருந்தபோது மனு பார்க்க, அதாவது மனுக் கொடுத்து அவரைப் பார்க்க, சிறை வாசலில் போய் நின்றவள் நான். இடுப்பில் பிள்ளை, கையில் அவருக்கு எடுத்துப்போன கைலியும் சட்டையும், செல்போனை எங்கே கொடுத்து வைப்பது என்றுகூடத் தெரியாது. பெட்டிக்கடையில் கொடுத்தால் அதற்கும் காசு. உள்ளே இருக்கிறவங்களுக்குச் சாப்பாடாவது நேரத்துக்குக் கிடைக்குது. பஸ் காசுக்குக் கடன் வாங்கி வந்து வெளியில நிக்கிற எங்களை யாரும் திரும்பிப் பார்க்கல. பள்ளி திறக்கிற நேரத்தில் எங்கள் தெரு ஜமாத்தில் பிள்ளைக்கு நோட்டும் பையும் வாங்கிக் கொடுத்தார்கள், நாங்கள் என்ன சாமி கும்பிடுகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் ஜெபம் பண்ணுங்க அண்ணா, வேண்டாம்னு சொல்லல, ஆனால் ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் உதவி என்று மட்டும் வைக்காதீங்க. எங்களுக்கு மறுக்கவும் வாய் வராது.

பாளையங்கோட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மல்லி அக்கா சொன்னதை அப்படியே எங்கள் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். பத்திரம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. டீச்சர் பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கிறேன் என்கிறார், நான் ஆணைக்குழு ஆபீசுக்குப் போய்க் கேட்கிறேன். காக்கி சார், மனு பார்க்க வருகிறவர்களுக்கு உட்காரவும் போன் வைக்கவும் வெளியே ஒரு இடம் ஏற்பாடு செய்ய முடியுமா, அதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

காக்கி_ஓய்வு:
சுவருக்கு உள்ளே என்றால் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். வெளியே ரோட்டோரம் என்றால் அது மாநகராட்சி. முதலில் எதிரே வாடகைக்கு ஒரு கடை காலியாக இருக்கிறதா பாருங்கள், அதற்குச் சிறை நிர்வாகத்தின் அனுமதி வேண்டாம்.